ஆனந்த குமாரசுவாமி

ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி (1877–1947) இந்திய, இலங்கைக் கலைப்பொருள்களைச் சேகரித்தவர், கலை வரலாற்றாசிரியர். கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசுவாமி, இலங்கைச் சட்டசபையில் இருந்த தமிழர். தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். இரண்டு வயது நிரம்புமுன்பே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டனில் நிலவியல் படித்தார்.

இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் இயக்குநராக ஊர் ஊராகச் சுற்றியபோது, கண்டிப் பகுதிக் கைவினைஞர்கள் தொழில் இழந்து வருவதைக் கண்டார். அதிலிருந்து பிறந்தது ‘இடைக்காலச் சிங்களக் கலை’ (1908). ஆங்கிலக் கைவினை இயக்க முன்னோடி வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே அது அச்சாயிற்று.

1910–11 அலகாபாத் கண்காட்சியின் கலைப் பிரிவை ஏற்று நடத்தியவர், வட இந்தியாவில் அலைந்து ஓவியங்கள் வாங்கினார். முகலாய ஓவியத்தின் கிளையாக ஒதுக்கப்பட்டிருந்த ராஜஸ்தானி, பஹாரி ஓவியங்களை ‘ராஜபுத்திர ஓவியம்’ (1916) நூலில் தனி மரபாக நிறுவினார். முகலாயர் அரசவையையும் ஆள் முகத்தையும் தீட்டினர், ராஜபுத்திரர் கண்ணனையும் ராதையையும் ராகமாலையையும் தீட்டினர் என்பது அவர் பகுப்பு. எல்லை அவ்வளவு கறாரானதல்ல என்று பின்வந்தோர் திருத்தினாலும், இத்துறை ஆய்வு தொடங்குவது அந்நூலில்தான். காசியில் தேசிய அருங்காட்சியகம் எழுந்தால் தம் சேகரிப்பைத் தருவதாகச் சொன்னார், பணம் திரளவில்லை. 1917இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் டென்மன் ராஸ் அதை வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு அளித்தார். சேகரிப்போடு குமாரசுவாமியும் அங்கே இந்தியக் கலைப் பிரிவின் காப்பாளராகப் போய்ச் சேர்ந்தார்.

ரவிவர்மாவின் ஓவியங்களை நாடகத்தனமானவை என்று ஒதுக்கினார். சிவகாசி நாட்காட்டிகளின் லட்சுமியும் சரஸ்வதியும் இன்றும் அந்த வழியில் வருபவர்கள்தாம். இதில் மக்கள் ரசனை அவரோடு போகவில்லை. நுண்கலை, கைத்தொழில் என்ற பிரிவினையையும் அவர் ஏற்கவில்லை. பயன்பாட்டுக்காக, மரபறிந்து, முறையாகச் செய்த எதுவும் கலையே என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரை எடுத்துக்கொண்டால், ஆடிப்பூரத்தன்று வடம்பிடித்து இழுப்பதற்காகவே ஆசாரிகள் செய்தது; அதன் மரச்சிற்பத்தைத் தேரிலிருந்து கழற்றி ரசிப்பது அவர் பார்வையில் பாதி ரசனையே.

நடராசர் திருமேனி பற்றிய அவரது புகழ்பெற்ற கட்டுரை 1912இல் ‘சித்தாந்த தீபிகை’ இதழில் வந்தது. துடியேந்திய கை படைப்பு, அபயக் கை காப்பு, தீயேந்திய கை அழிப்பு, ஊன்றிய பாதம் மறைப்பு, தூக்கிய பாதம் அருள் என்ற விளக்கத்துக்கு ‘உண்மை விளக்கம்’ போன்ற தமிழ்ச் சைவ நூல்களே ஆதாரம். புத்தர் உருவம் கிரேக்கர் கொடை என்ற பிரெஞ்சு அறிஞர் ஃபூஷேயின் கருத்தை மறுத்து, அது மதுராவிலேயே இந்திய மரபில் தோன்றியதென 1927இல் வாதிட்டார்.

கடைசி ஆண்டுகளில் வேதாந்தம், பிளேட்டோ, ஜெர்மானியக் கிறிஸ்தவ ஞானி எக்கார்ட் என்று மெய்யியலில் ஆழ்ந்தார். பணி ஓய்வுக்குப்பின் இந்தியாவில் குடியேறத் திட்டமிட்டிருந்தவர், 1947 செப்டம்பர் 9இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீடம் ஊரில் காலமானார்.