சொந்தமாக ஆன்லைன் கோர்ஸ் உருவாக்கி விற்பது எப்படி? மரக்காணம் உப்பளம் சொல்லும் கணக்கு

விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி விரிந்து கிடக்கின்றன மரக்காணம் உப்பளங்கள். ஆந்திராவின் காக்கிநாடாவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. பக்கத்திலேயே கழுவேலி, 2021-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட நீர்நிலை. ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி சீர்செய்து, கோடை முழுக்க உப்பு வாருவார்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த வேலையில்லா நாட்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு அறிவித்தது.

ஆன்லைன் கோர்ஸ் பற்றிய கட்டுரையில் உப்பு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வெயிலில் நின்று உப்பை விளைவிப்பவர் அதற்கு விலை சொல்வதில்லை. அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்கு விற்க 2006 முதல் மீண்டும் தடை நடைமுறைக்கு வந்தது. எனவே களத்தில் குவிந்த உப்பு, அயோடின் கலக்கும் ஆலைக்கும் பாக்கெட் போடுபவருக்கும் போய்த்தான் நம் அடுப்படிக்கு வரவேண்டும். கடைக்காரரையும் வாங்குகிறவரையும் அறிந்தவர் கையில் விலை இருக்கிறது. விளைவித்தவருக்குக் கிடைப்பது களத்து விலை.

நமக்குத் தெரிந்த ஒரு திறமையை வீடியோவாக்கி இணையத்தில் விற்கும்போதும் இதே கணக்குதான் வருகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் கேமராவும் விளக்கும் வாங்குபவர்கள் நம் குடும்பங்களிலேயே பலர்.

யூடெமி தளத்தை எடுத்துக்கொள்வோம். துருக்கியில் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் படித்து, இணையத்தின் உதவியால் கணிதத்தில் முன்னேறிய எரென் பாலி என்பவர் நண்பர்களோடு சேர்ந்து 2010-ல் தொடங்கியது அது. யார் வேண்டுமானாலும் அதில் கோர்ஸ் ஏற்றலாம். ஏற்றுவதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் அந்தத் தளமே தேடிக் கொண்டுவந்த மாணவர் வாங்கினால், பயிற்சியாளருக்கு 37 விழுக்காடு. நீங்களே உங்கள் இணைப்பைக் கொடுத்து அழைத்து வந்த மாணவர் வாங்கினால் 97 விழுக்காடு. தள்ளுபடி போக ஒருவர் 500 ரூபாய் செலுத்துகிறார் என்றால், முதல் வகையில் உங்களுக்கு 185 ரூபாய். இரண்டாம் வகையில் 485 ரூபாய். அதே வீடியோ, அதே உழைப்பு. வித்தியாசம், மாணவர் யாரை நம்பி வந்தார் என்பதில்தான். போதாக்குறைக்கு, அங்கே வாங்கிய மாணவரின் கைப்பேசி எண்ணோ மின்னஞ்சலோ உங்கள் கைக்கு வராது. அடுத்த கோர்ஸ் போடும்போது மறுபடியும் தளத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அதற்காகத் தளங்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யாருக்கும் உங்களைத் தெரியாதபோது 185 ரூபாயும் வரவுதான். ஆனால் வீட்டின் வருமானமாக இதை நினைப்பவர்கள், கோர்ஸுக்கு முன்னால் மாணவர்களைச் சேர்க்க வேண்டும்.

சென்னையின் கூவி நிறுவனம் வளர்ந்த விதம் அதற்கு நல்ல சான்று. 2011-ல் அது வெறும் யூடியூப் சேனல். நிரலாக்கத்தைத் தமிழில் விளக்கினார்கள். ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் கிடைத்த பாடங்கள்தாம். ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு அவை எட்டாமல் இருந்தன. இலவசப் பாடத்தால் முதலில் ஆட்கள் சேர்ந்தார்கள், நம்பிக்கை பிறந்தது; நிறுவனமாகப் பதிவானது 2014-ல்தான். 2022-ல் எச்சிஎல் குழுமம் அதன் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. எல்லோரும் அந்த அளவுக்கு வளரப்போவதில்லை. ஆனால் முதலில் கொடுத்து, பிறகு விற்ற அந்த வரிசை ஒரு வீட்டுப் பயிற்சிக்கும் பொருந்தும்.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'ஸ்போக்கன் இங்கிலீஷ்', 'தையல் கலை', 'கணினி' என்று கடல் போன்ற தலைப்பை எடுக்கிறார்கள். இவை யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்திய அரசின் சுவயம் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்களையே கட்டணமின்றிப் படிக்கலாம். அவற்றோடு நாம் போட்டியிட முடியாது. ஆனால் வளைகுடாவில் பதினைந்து ஆண்டு கடையில் நின்று திரும்பிய ஒருவர், புதிதாகப் போகிறவருக்கு முதல் மாதத்தில் தேவைப்படும் பேச்சு அரபியைத் தமிழில் சொல்லித் தந்தால், அதற்கு ஐஐடி போட்டிக்கு வராது. அங்கே ஏசி மெக்கானிக்காக இருந்தவர், வேலைக்கு ஆள் எடுக்கும்போது வைக்கும் செய்முறைத் தேர்வுக்குத் தயார்ப்படுத்தலாம். கோட்டக்குப்பத்திலோ மரக்காணத்திலோ வீட்டிலிருந்தபடி ஆரி வேலை செய்யும் சகோதரி, 'ஆரி வேலை' என்று பொதுவாக வைக்காமல், 'மணப்பெண் ரவிக்கையின் கை வேலைப்பாடு, பத்து வகுப்பு' என்று வைக்கலாம். தலைப்பு குறுகக் குறுக வாங்குகிறவருக்குத் தெளிவு கூடும். முடிவில் அவர் கையில் செய்து முடித்த ஒரு பொருளோ பேசத் தெரிந்த ஐம்பது வாக்கியமோ இருக்க வேண்டும்.

குர்ஆன் ஓதல், தஜ்வீத் போன்ற மார்க்கக் கல்விக்குக் கட்டணம் வாங்குவது குறித்து உலமாக்களிடையே நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. அதற்குள் நாம் இங்கே போகவில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதே முறை.

இலவசமாகக் கிடைப்பதற்கு ஒருவர் ஏன் பணம் தருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸ் தளத்தில் நடத்திய இலவசப் படிப்புகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் படித்து முடித்தவர்கள் 3.13 விழுக்காடு மட்டுமே. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 46 விழுக்காடு. பணம் கட்டியவர் உட்கார்ந்து படிக்கிறார். பணம் கட்டியவர்களிலும் பாதிப்பேர் முடிக்கவில்லை. நம்மைக் கேட்டால், அந்த மீதிப் பாதியைப் படிக்க வைப்பதில்தான் வீட்டுப் பயிற்சியாளரின் பிழைப்பு இருக்கிறது. மாணவி அனுப்பும் தையல் புகைப்படத்தைப் பார்த்து, 'மூன்றாவது வரிசையில் நூலை இழுத்துவிட்டீர்கள், பிரித்துவிட்டு மறுபடி போடுங்கள்' என்று சொல்ல ஒருவர் இருப்பதற்குத்தான் பணம். வீடியோ அதற்கு ஒரு துணை.

ஆகவே முதலில் வீடியோ எடுக்காதீர்கள். எட்டுப் பேர், பத்துப் பேரைச் சேர்த்து நேரலையில் ஒருமுறை நடத்திப் பாருங்கள். ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு கூட்டம் 40 நிமிடம், கூகுள் மீட்டில் பலர் சேர்ந்தால் 60 நிமிடம்; ஒரு வகுப்புக்கு அது போதும். பாதிக் கட்டணம் வாங்குங்கள், ஆனால் வாங்குங்கள். 'நல்ல முயற்சி, மாஷா அல்லாஹ்' என்று பாராட்டும் உறவினர் பத்துப் பேரைவிட, 300 ரூபாய் அனுப்பும் அந்நியர் ஒருவர் அதிகம் சொல்லித் தருவார். எந்த இடத்தில் எல்லோரும் விழிக்கிறார்கள், எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்பதெல்லாம் அந்த முதல் குழுவில் தெரிந்துவிடும். பதிவு செய்யும் பாடங்களை அந்தக் கேள்விகளை வைத்தே பிரிக்கலாம்.

பதிவுக்குக் கையிலிருக்கும் போனே போதும். படம் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி இரைந்தால் பொறுக்க மாட்டார்கள். எனவே முதல் செலவு சட்டையில் குத்தும் மைக். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிமணி நிறைந்த அறையில் பதிவு செய்தால் எதிரொலி குறையும். எடெக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வைகளை அலசி 2014-ல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களே அதிகம் பார்க்கப்படுகின்றன என்றது. ஒரு வீடியோவுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் இந்த அளவு தானாக வரும். பின்னணிக்குச் சினிமா இசை வேண்டாம். உரிமைச் சிக்கல் வரும்.

முகம் காட்ட விரும்பாத சகோதரிகள் தயங்க வேண்டியதில்லை. ஆரி, மெஹந்தி, சமையல், கையெழுத்து எதுவானாலும் மாணவர் பார்க்க விரும்புவது கையை. போனை மேலிருந்து கீழ்நோக்கி நிறுத்தினால் போதும். வேறொரு விஷயத்தில்தான் அதிகக் கவனம் தேவை. வாட்ஸ்அப் குழுவில் எல்லோரின் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் படிக்கும் வகுப்புக்கு அது சரிவராது. அறிவிப்புகளுக்கு வாட்ஸ்அப் சேனலைப் பயன்படுத்தினால் பின்தொடர்பவர்களின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரியாது. வீட்டுப்பாடத்தைத் தனிச் செய்தியில் வாங்கிக்கொள்ளலாம். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது.

கட்டணத்தை யுபிஐ வழியாக நேரடியாக வங்கிக் கணக்கில் வாங்கலாம். பெயர், தேதி, தொகை மூன்றையும் முதல் நாளிலிருந்தே நோட்டில் எழுதி வையுங்கள். இது வருமானம், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. சேவைகளைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பது பொது விதி. வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்பதாக இருந்தால் ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுவது நல்லது.

விளம்பரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நாம் அறிந்த வணிக ஒழுக்கம். சட்டமும் இப்போது அந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்ற பொய் வாக்குறுதிகளைப் பயிற்சி மையங்களுக்குத் தடை செய்கின்றன. 'முதல் இரண்டு வகுப்புக்குள் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப' என்பது போன்ற ஒரு வரியை, சேருமுன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

இறுதியாக, விற்பவர்களுக்கு அல்ல, வாங்குபவர்களுக்கு. ஆன்லைன் கோர்ஸ் என்ற பெயரில் நம் பிள்ளைகளுக்கு விரிக்கப்படும் வலை ஒன்று உண்டு. சில ஆயிரம் கட்டிச் சேர வேண்டும். உள்ளே போனால் பாடம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. அதே கோர்ஸை இன்னும் நான்கு பேருக்கு விற்றால் கமிஷன் என்பார்கள். ஆள் சேர்ப்பதுதான் வருமானம் என்றால் அது பயிற்சி அல்ல, பணச் சுழற்சித் திட்டம். அதை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகளும் அனுமதிப்பதில்லை. இப்படிப் பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணத்தை முடக்கி மீட்பது கடினமாகிவிடும். வாங்கிய கோர்ஸில் சொன்னபடி பாடம் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவில்லை என்பது போன்ற புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணம் அனுப்பிய திரைப்பிடிப்பு, அவர்கள் அனுப்பிய விளம்பரம், உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள்.