காக்க ஒரு புத்தகம், வெட்ட ஒரு காகிதம்

நூலகம் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது 'அமைதி காக்கவும்' என்னும் பலகை. அடுத்து, புத்தகத்தில் கிறுக்காதே, மடிக்காதே, கிழிக்காதே என்னும் கட்டளைகள். அத்தகைய இடத்திற்குள் கத்தரிக்கோலும் பசையும் வண்ணத்தாளும் எப்படி நுழைந்தன? படநூல் ஒன்றைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, அதையொட்டி எளிய கைவேலை ஒன்றைச் செய்யவைக்கும் கதைநேரம் இன்று பல நாடுகளின் குழந்தை நூலகங்களில் வழக்கமாகிவிட்டது. அதைப் பொழுதுபோக்கு என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். ஆனால் அதன் வரலாற்றுக்குள் பழைய வழக்கு ஒன்று இருக்கிறது: புத்தகத்தைக் காப்பதா, குழந்தையின் கைகளுக்கு விடுதலை தருவதா?

இவ்வரலாற்றை ஜெர்மனியிலிருந்து தொடங்கலாம். 1840-இல் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்ட்டன்' எனப் பெயரிட்ட ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல், தாள் மடித்தல், தாள் பின்னல், களிமண் வேலை ஆகியவற்றைக் கல்வியின் நடுவே வைத்தார். கை செய்து பார்ப்பதன் வழியே மனம் அறிகிறது என்பது அவர் கொள்கை. பின்வந்த சீடர்கள் சிலரிடம் இது சடங்காக இறுகிப்போயிற்று. ஆசிரியை சொன்னபடி எல்லாக் குழந்தைகளும் ஒரே மடிப்பை மடித்தன. ஜான் டூயி முதலான கல்வியாளர்கள் இந்த இறுக்கத்தைக் கண்டித்தனர். இந்தக் கண்டனத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம், இறுதியில் தேவைப்படும்.

இவ்வழக்கு மிகக் கூர்மையாக வெளிப்பட்ட ஊர் பாரிஸ். முதல் உலகப்போருக்குப் பின், அமெரிக்கப் பெண்கள் குழு ஒன்றின் முயற்சியால் 1924-இல் அங்கே 'லேர் ழுவாயேஸ்' என்னும் குழந்தை நூலகம் திறக்கப்பட்டது. 'மகிழ்ச்சியான நேரம்' என்பது அப்பெயரின் பொருள். சிறுவரும் சிறுமியரும் ஒரே கூடத்தில் அமர்ந்து, திறந்த அலமாரியிலிருந்து தாமே நூலெடுத்துப் படிக்கலாம். அக்காலப் பிரான்சில் இது புதுமை. சேரும் குழந்தை ஒரு பேரேட்டில் தன் கையால் பெயரெழுதும். புத்தகங்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வேன் என்னும் உறுதிமொழியும் அந்தக் கையெழுத்தில் அடங்கும். நியூயார்க் பொது நூலகத்தில் ஆன் கரோல் மூர் நடைமுறைப்படுத்திய உறுதிமொழியின் மரபு இது. குழந்தையை நம்பியவர்கள், புத்தகத்தைக் காக்கும் பொறுப்பையும் அதனிடமே ஒப்படைத்தார்கள்.

ஏழாண்டுகள் கழித்து அதே பாரிஸில் இதற்கு நேர் எதிரான புத்தகங்கள் வெளிவந்தன. 1931-இல் ஃபிளமாரியோன் பதிப்பகத்தின் வழியே பால் ஃபோஷே 'பேர் காஸ்தோர்' படநூல் வரிசையைத் தொடங்கினார். அணை கட்டுவதில் வல்ல பீவர் விலங்கைக் குறிப்பது அப்பெயர். முதலில் வந்த இரு நூல்களும் கைவேலை நூல்களே. ஒன்று முகமூடி செய்வதற்கு. மற்றொன்று தாளை வெட்டி உருவங்கள் ஆக்குவதற்கு. படங்களை ஆக்கியவர் நத்தாலி பாரேன். மாஸ்கோவில் ஓவியம் பயின்று பாரிஸில் குடியேறியவர். தட்டையான வண்ணங்கள், வடிவக் கணிதம் போன்ற உருவங்கள் என 1920-களின் சோவியத் படநூல்களின் சாயலை அவரிடம் காண்கிறோம். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் மலிவு விலையில் சோவியத் படநூல்களை வாங்கி வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு, அந்த மரபின் மூத்த கிளை ஒன்று பாரிஸில் தழைத்தது என்பது வியப்பாக இருக்கும்.

இத்தகைய நூலை ஒரு நூலகம் எப்படி இரவல் தரும்? முதலில் எடுத்துச்செல்லும் குழந்தைக்கு முகமூடி கிடைக்கும். அடுத்த குழந்தைக்கு ஓட்டைதான் மிஞ்சும். காப்பேன் என்று கையெழுத்திட்ட கைக்கும் வெட்டத் துடிக்கும் கைக்கும் எப்படிச் சமாதானம் காண்பது?

விடைக்கான குறிப்பு 1959-இல் ஓர் அமெரிக்க ரயிலில் கிடைத்தது. ஓவியர் லியோ லியோனி தம் இரு பேரக்குழந்தைகளோடு பயணம் செய்துகொண்டிருந்தார். அவர்களின் குறும்பை அடக்க வேறு வழி தெரியாமல், கையிலிருந்த 'லைஃப்' பத்திரிகையின் பக்கங்களை வட்ட வட்டமாகக் கிழித்தார். ஒரு வட்டம் நீலம், ஒன்று மஞ்சள். கைப்பெட்டியை மேடையாக்கி, அவற்றைக் கொண்டே ஒரு கதை சொன்னார். நீலமும் மஞ்சளும் கட்டித் தழுவிப் பச்சையாகிவிடுகின்றன. பெற்றோருக்கே அடையாளம் தெரியவில்லை. அவ்வாண்டிலேயே அது நூலாயிற்று. இங்கே கைவேலை கதைக்குப் பின்னால் வரவில்லை. கதையே கிழிந்த தாளிலிருந்து பிறந்தது.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் 'பனி பெய்த நாள்' (1962) படங்கள் வெட்டி ஒட்டிய தாள்களால் ஆனவை. அதில் விழும் பனித்துகள்களை அழிப்பான்களில் செதுக்கிய அச்சுகளால் பதித்தார் அவர். காகிதக்கட்டில் துளையிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு புழுவின் நினைவு வந்ததே எரிக் கார்லின் கம்பளிப்புழுக் கதைக்கு (1969) வித்து. மூவரும் செய்தது, மேசைமுன் அமர்ந்த ஒரு குழந்தையும் செய்யக்கூடியதுதான்.

கதைநேரத்தில் கைவேலைக்கு உள்ள நியாயம் இதுவென்றே நமக்குப் படுகிறது. நூல் எந்த வழியில் பிறந்ததோ, அவ்வழியில் குழந்தையின் கையும் சற்றே நடந்து பார்க்கிறது. நீலத்தாளையும் மஞ்சள்தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் குழந்தை, லியோனியின் கதையை இரண்டாம் முறை வாசிக்கிறது. அதே வேளையில், முன்கூட்டியே வெட்டிவைத்த இருபது பச்சை வட்டங்களை வரிசையாக ஒட்டச் சொல்லும்போது, ஃப்ரோபலின் சீடர்கள் செய்த தவற்றையே நாமும் செய்கிறோம். இருபது புழுக்களும் அழகாக இருக்கும். வீட்டில் காட்டிப் பாராட்டும் பெறலாம். ஆனால் எது யாருடையது என்று தெரிய, முதுகில் பெயரெழுத வேண்டியிருக்கும்.

பெரிய செலவு ஏதும் வேண்டாம். லியோனிக்கு ஒரு பத்திரிகையும் பத்து விரல்களும் போதுமானவையாக இருந்தன. கதை முடிந்ததும் புத்தகம் கிழியாமல் அலமாரிக்குத் திரும்பட்டும். அடுத்த வாரம் வேறொரு குழந்தை அதைத் தேடி வரும். கோணலாக வெட்டப்பட்ட அந்தத் தாளோ, வெட்டிய கையோடு வீட்டுக்குப் போகட்டும்.