வீட்டுச் சுவரைக் கழுவும்போது கொல்லைச் செடிகளைக் காப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வீட்டுச் சுவரிலும் சுற்றுச்சுவரிலும் பாசி கறுப்பாகப் படிந்து நிற்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் அதைப் போக்க பிளீச்சிங் பவுடர், ஆசிட் என்று ஏதாவது ஒன்றை ஊற்றித் தேய்ப்பது வழக்கம். சுவர் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் பத்து நாள் கழித்துப் பார்த்தால், சுவரோரம் நின்ற கறிவேப்பிலை இலை கருகி உதிர்ந்திருக்கும், மல்லிகை மொட்டு வைக்காமல் நிற்கும். மருந்து இலையில் தெறித்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். இலையில் பட்டதால் வரும் சேதம் பெரும்பாலும் சிறியது, புது இலை விட்டுச் செடி தேறிவிடும். சுவரைக் கழுவிய தண்ணீர் தூரில் தேங்கி வேருக்கு இறங்குவதுதான் செடியைக் கொல்கிறது. ஆகவே வாளியைக் கையில் எடுக்கும் முன், கழுவிய தண்ணீர் எங்கே போகப் போகிறது என்பதை முடிவு செய்யுங்கள்.

முதலில் தண்ணீருக்கு வழி

சுவருக்கும் செடிக்கும் நடுவே மண்வெட்டியால் ஒரு சிறு வாய்க்கால் இழுத்து, எடுத்த மண்ணைச் செடிப் பக்கம் வரப்பாக அணைத்து விடுங்கள். வயலில் பாத்தி கட்டும் கைக்கு இது அரை மணி நேர வேலை. அந்த வாய்க்கால் செடியும் கிணறும் இல்லாத வெற்றிடத்தில் முடிய வேண்டும். வாழை, கீரை, மல்லிகை போன்றவை மேல்மண்ணிலேயே வேர் பரப்புவதால் அவற்றின் பக்கம் வரப்பு சற்று உயரமாக இருக்கட்டும்.

மாடியையும் கூரையையும் கழுவுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பிறகு, பல வீடுகளில் மாடிக் குழாய் நேராகத் தொட்டிக்கோ கிணற்றோரக் குழிக்கோ போகிறது. கழுவும் நாளில் அந்தக் குழாயைக் கழற்றி வெளியே திருப்பிவிட வேண்டும். இதை மறந்தால் மருந்துத் தண்ணீர் நீங்கள் குடிக்கும் தண்ணீரிலேயே கலக்கும்.

வீட்டோரம் அசோலாத் தொட்டி, மண்புழு உரக்குழி, ஜீவாமிர்தம் ஊறும் டிரம் இருந்தால் மூடி வையுங்கள். கிருமியைக் கொல்லும் குளோரின் நல்ல நுண்ணுயிரையும் சேர்த்துத்தான் கொல்லும். தேங்கிய தண்ணீரில் கோழியும் ஆடும் வாய் வைக்காமல் அன்று கட்டியோ அடைத்தோ வையுங்கள்.

செடியைத் தயார் செய்தல்

அவரை, கீரை, கறிவேப்பிலை எது பறிக்கும் பருவத்தில் இருக்கிறதோ, அதை முதல் நாளே பறித்துவிடுங்கள். தொட்டிச் செடிகளைத் தூக்கி வேறு இடத்தில் வைத்துவிடலாம். நகர்த்த முடியாத செடிகளுக்கு முதல் நாள் மாலை நன்றாகத் தண்ணீர் கட்டுங்கள், வேலை தொடங்கும் முன் இன்னொரு முறை இலையும் தூரும் நனைய ஊற்றுங்கள். காய்ந்த மண் விழுகிற தண்ணீரை உடனே உறிஞ்சி வேருக்கு இறக்கும். ஏற்கெனவே நனைந்த மண்ணில் மருந்து நீர்த்துப் போகும், பெரும்பகுதி மேலோடு ஓடியும் விடும். ஓடுவதற்குத்தான் வாய்க்கால்.

போர்த்துவதற்குப் பழைய வேட்டி, சேலை, கோணிச்சாக்கு போதும். நனைத்துப் போர்த்துங்கள். பாலித்தீன் தாளைப் போர்த்தி மதியம் வரை விட்டால், மருந்து படாமலேயே உள்ளே இலை வெந்துவிடும். வேறு வழி இல்லாமல் பாலித்தீன் போட்டால், அந்தப் பக்கச் சுவர் முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

எந்த மருந்து, எவ்வளவு

பாதிப் பாசி மருந்தே இல்லாமல் போகும். சுவரை நனைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, தென்னை நார் பிரஷ்ஷாலோ கட்டைத் துடைப்பத்தாலோ தேய்த்துப் பாருங்கள். மிச்சம் நிற்கும் இடத்துக்கு மட்டும் பிளீச்சிங் பவுடர் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் நல்ல பவுடர் கலந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதக் குளோரின் கரைசல் கிடைக்கும், பாசிக்கு அதற்கு மேல் தேவையில்லை. பிளாஸ்டிக் வாளியில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதை மரத்தின் தூரில் கொட்டாதீர்கள். கரைசலைச் சுவரில் பூசிப் பத்து, பதினைந்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காற்று குறைந்த காலை நேரம் நல்லது. வெயில் ஏறினால் சுவர் சீக்கிரம் காய்ந்து, மேலும் மேலும் ஊற்றத் தோன்றும்.

பயிருக்கு மருந்து அடிக்கும் தெளிப்பானை இதற்கு எடுக்காதீர்கள். அதில் களைக்கொல்லி மிச்சம் ஒட்டியிருந்தால், 2,4-டி சிறிதளவு தெறித்தாலும் கத்தரியும் தக்காளியும் சுருண்டுவிடும். குளோரின் தெளிப்பானின் உலோகப் பாகங்களையும் அரிக்கும். விசைத்தெளிப்பான் பனிபோல் பரப்புவதால் நாலு வீட்டுச் செடிக்கும் சேதம். பிரஷ்ஷால் பூசுவதே சரி.

ஆசிட்டை வெளிச்சுவருக்குப் பரிந்துரைக்க முடியாது. அது சிமெண்டுப் பூச்சையே அரித்துவிடும், மண்ணில் இறங்கினால் வேர்த்தூவிகளும் கருகும். சிலர் சுண்ணாம்போடு மயில்துத்தம் கலந்து அடிப்பார்கள். பாசி வராதுதான், ஆனால் அதிலுள்ள தாமிரம் மண்ணில் சிதைவதில்லை, மண்புழுவுக்கும் மீனுக்கும் விஷம். செடி இல்லாத பக்கம் மட்டும், சிந்தாமல் அடிக்கலாம்.

இது செடியைப் பற்றியது அல்ல, உங்கள் உயிரைப் பற்றியது: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே இடத்தில், ஒன்றன் பின் ஒன்றாகக்கூடப் பயன்படுத்தாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மாட்டுக்கொட்டகைச் சுவர் என்றால் கோமியமும் சாணமும் போகும்படி முதலில் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். கோமியத்திலுள்ள அம்மோனியா குளோரினோடு சேர்ந்தாலும் நச்சு வாயு வரும்.

பழைய எனாமல் பெயிண்ட்டைச் சுரண்டுகிறவர்கள் கீழே தார்ப்பாய் விரித்துச் செதில்களைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் கீரைப் பாத்தியில் விழுந்தால் அந்த ஈயம் மண்ணிலேயே தங்கிவிடும்.

வேலை முடிந்ததும்

போர்வையை எடுத்து, இலைகளை மேலும் கீழும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மருந்து தெறித்த கீரையைச் சமைக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இலையில் வெள்ளைப் புள்ளியோ ஓரக் கருகலோ தெரிந்தால் உடனே கவாத்து செய்யாதீர்கள், யூரியாவும் போடாதீர்கள். அடிபட்ட வேருக்கு உரம் இன்னொரு சுமை. தூரில் நிறையத் தண்ணீர் கட்டி உப்பைக் கீழே இறக்குங்கள். செம்மண், மணற்பாங்கான நிலத்தில் இரண்டு மூன்று நாள் அடுத்தடுத்துக் கட்டலாம். கரிசலில் அப்படிச் செய்தால் வேர் அழுகும், ஒரு முறை கட்டிக் காயவிட்டு மறுபடி கட்டுங்கள். துளிர் வந்த பிறகு எது காய்ந்த கிளை என்று தெரியும், அப்போது வெட்டலாம்.

சுண்ணாம்பு இறங்கிய மண்ணில் அறிகுறி வேறு மாதிரி, அதுவும் சில வாரம் கழித்துத்தான் தெரியும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கலந்து மாலையில் இலையில் தெளித்து, பத்து, பதினைந்து நாள் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். கொட்டிக் கிடக்கும் சுண்ணாம்புக் கட்டியை அள்ளிவிட்டுத் தொழுவுரம் போடுங்கள்.

மிஞ்சிய பிளீச்சிங் கரைசலைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். குழந்தைகளும் கால்நடையும் அண்டாத இடத்தில் அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் சில நாள் வெயிலில் திறந்து வைத்தால் குளோரின் அடங்கிவிடும். பிறகு செடியில்லாத தரையில் ஊற்றலாம். கழற்றிய மாடிக் குழாயை உடனே மாட்டிவிடாதீர்கள். அடுத்த மழையின் முதல் தண்ணீர் வெளியே ஓடிய பிறகு தொட்டியோடு இணையுங்கள்.