நரம்பு வேர்களைத் தேடிய கதை

அந்தமான் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்குச் சிறைச்சாலை நினைவுக்கு வரும். வேறு சிலருக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பலும், அதில் ஏறிப் பிழைப்புத் தேடிச் சென்ற உறவினர் முகமும் நினைவுக்கு வரும். நான் இன்று சொல்ல வந்தது அவ்விரண்டையும் பற்றியதன்று. அந்தமானுக்குத் தெற்கே, பத்துப் பாகைக் கால்வாய்க்கு அப்பால் சிதறிக் கிடக்கும் நிக்கோபார்த் தீவுகளில் 1947-48ஆம் ஆண்டுகளில் இளம்பிள்ளை வாதம் பரவிற்று. அத்தகைய நோயை அடையாளம் காண மருத்துவன் கைக்கொள்ளும் மிக எளிய சோதனை ஒன்றின் வரலாறே இன்றைய பொருள்.

அத்தீவுகள் 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் இருந்தவை. போர் முடிந்து, வெளியுலகத் தொடர்பு மீண்டும் ஏற்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. உலகத்தோடு நெருங்கிப் பழகாத தீவு மக்களிடையே இந்நோய் புகுந்தால், பெயருக்கு ஏற்பக் குழந்தைகளை மட்டும் தாக்குவதோடு நிற்பதில்லை. முன்னம் அந்தக் கிருமியைச் சந்தித்திராத வளர்ந்தவர்களையும் அது வீழ்த்திவிடும். சால்க் கண்டுபிடித்த தடுப்பூசி பயனுக்கு வந்தது 1955இல்தான். மனித உடலுக்குள் நோக்கும் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு எடுக்கப்பட்டது 1971இல். ஆகவே 1948இல், நேற்று மரமேறியவன் இன்று காலை அசைக்க முடியாமல் கிடக்கிறான் என்றால், தீவிலிருந்த மருத்துவராயினும் இலண்டனிலிருந்த மருத்துவராயினும் முதலில் நம்ப வேண்டியிருந்தது தம் கண்ணையும் கையையுமே.

கோளாறு எங்கே? மூளையிலா, தண்டுவடத்திலா, அதிலிருந்து கிளம்பும் நரம்பு வேரிலா, தசையிலேயேவா? இதுதான் கேள்வி.

தண்டுவடத்திலிருந்து இரு புறமும் 31 இணை நரம்புகள் புறப்படுகின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகத்தில் 5, வால் நுனியில் 1. (கழுத்தெலும்பு ஏழுதானே, நரம்பு எப்படி எட்டாயிற்று என்று மாணவர்கள் கேட்பதுண்டு. முதல் எலும்புக்கு மேலே ஒன்று, ஏழாவதற்குக் கீழே ஒன்று என எண்ணினால் கணக்குச் சரியாகிவிடும்.) ஒவ்வொரு நரம்புக்கும் முன்வேர் ஒன்று, பின்வேர் ஒன்று. முன்வேர் அசைவுக்கு உரியது, பின்வேர் உணர்ச்சிக்கு உரியது என்பதை பிரிட்டனின் சார்ல்ஸ் பெல் 1811இல் ஓரளவு தொட்டுக் காட்டினார். பிரான்சு நாட்டு மஜாந்தி 1822இல் நாய்க்குட்டிகளிடம் சோதித்துத் தெளிவாக்கினார். யார் முதல்வர் என்று இரு நாட்டாரும் நெடுநாள் வழக்காடினர். அந்த வழக்கு நமக்கு வேண்டுவதில்லை.

எந்த வேர் தோலின் எந்தப் பகுதிக்கு உரியது என்பதை வரைந்த கதை இன்னும் சுவையானது. நம் ஊர்களில் அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவி மண்ணால் எழுதிக்கொள்வது பழைய வழக்கம். அந்தக் கொப்புளங்கள் உடம்பின் ஒரு பக்கத்தில், கச்சை கட்டினாற்போல் ஒரு பட்டையாகவே வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பின்வேரின் முடிச்சில் கிருமி உறங்கியிருந்து விழிக்கும்போது, அவ்வேருக்குரிய தோற்பட்டையில் மட்டும் கொப்புளம் எழும்புகிறது. ஆகவே காவி எழுதிய குயவர் தம்மை அறியாமலே ஒரு நரம்பு வேரின் எல்லையை வரைந்துகொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையாகாது. ஹென்றி ஹெட், காம்ப்பெல் என்ற இருவர் இதையே அறிவியல் முறையில் செய்தனர். அக்கி கண்டவர்களின் கொப்புளப் பட்டைகளைப் படம் வரைந்து, அவர்களுள் இறந்தோரின் நரம்பு முடிச்சுகளைச் சோதித்து, 1900இல் மனித உடம்பின் வரைபடம் ஒன்றை வெளியிட்டனர்.

அப்படத்தின்படியும் பின்னர் வந்த படங்களின்படியும், கட்டைவிரல் கழுத்தின் ஆறாம் வேருக்கும், நடுவிரல் ஏழாம் வேருக்கும், சுண்டுவிரல் எட்டாம் வேருக்கும் உரியவை. கொப்பூழ் மார்பின் பத்தாம் வேர். காலின் பெருவிரல் இடுப்பின் ஐந்தாம் வேர். பாதத்தின் வெளிவிளிம்பு திரிகத்தின் முதல் வேர்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஷெரிங்டன் என்ற ஆங்கில அறிஞர் 1890களில் குரங்குகளின் வேர்களை அறுத்துப் பார்த்தபோது, ஒரே ஒரு வேரை அறுத்தால் தோலில் உணர்ச்சி பெரும்பாலும் போவதேயில்லை என்று கண்டார். பக்கத்து வேர்கள் ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. ஆகவே ஊசியால் தொட்டுப் பார்ப்பது மட்டும் போதாது. வலிமையையும் சோதிக்க வேண்டும், சுத்தியலால் தட்டியும் பார்க்க வேண்டும். முழங்காலின் கீழே தட்டினால் கால் துள்ளுவதை ஜெர்மனியின் எர்ப், வெஸ்ட்பால் இருவரும் 1875இல் தனித்தனியே எழுதி வெளியிட்டனர். அந்தத் துள்ளல் இடுப்பின் மூன்றாம், நான்காம் வேர்களைப் பற்றிச் சேதி சொல்லும். குதிநரம்பைத் தட்டினால் திரிகத்தின் முதல் வேர் பதில் சொல்லும்.

தசையின் வலிமையை அளக்கும் முறையோ இளம்பிள்ளை வாதத்திலிருந்தே பிறந்தது. 1910களில் அமெரிக்காவின் ராபர்ட் லவெட்டும் அவருடன் பணிபுரிந்த வில்ஹெல்மின் ரைட் என்ற அம்மையாரும், நோயுற்ற குழந்தைகள் கையையோ காலையோ புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க இயலுகிறதா என்று பார்த்துத் தரம் பிரித்தனர். போரில் காயமுற்றோரைச் சோதிப்பதற்காக 1943இல் பிரிட்டனில் பூஜ்யம் முதல் ஐந்து வரை அளவிட்ட முறைதான் இன்றும் வழங்குகிறது. அசைவே இல்லையேல் பூஜ்யம். புவியீர்ப்பை வென்றால் மூன்று. முழு வலிமைக்கு ஐந்து.

மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் விடை கிடைக்கிறது. இளம்பிள்ளை வாதக் கிருமி தண்டுவடத்தின் முன்பக்கத்து அணுக்களையே அழிப்பது. ஆகையால் கால் தளரும், துள்ளல் மறையும், ஆனால் ஊசியின் குத்து நன்றாகத் தெரியும். ஒரு கால் வீழ்ந்து மறுகால் பிழைப்பதும் உண்டு. கியான், பாரே, ஸ்ட்ரோல் மூவர் 1916இல் இரு போர்வீரரிடம் கண்டு எழுதிய நோய் வேறு. அது வேர்களையும் நரம்புகளையும் தாக்கும். பெரும்பாலும் இரு கால்களையும் ஒருங்கே பிடித்து மேலேறும். மதமதப்பும் உடன் வரும். அதில் பலர் மெல்லத் தேறி எழுவர். முன்னதில் செத்த அணு மீளாது. ஒரு தாய்க்கு மருத்துவர் சொல்லப்போகும் சொல் இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

பிற மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இதில் தனிக் கவனம் இருக்கக்கூடும். உணர்ச்சிச் சோதனைக்கு மொழி வேண்டும்: “குத்துகிறதா, மழுங்கலாக இருக்கிறதா?” என்று கேட்டு விடை பெறவேண்டும். நிக்கோபாரியின் மொழி அறியாத மருத்துவருக்கும், மும்பை மருத்துவமனையில் மராத்தி அறியாமல் படுத்திருக்கும் நம் தொழிலாளிக்கும் இடர் ஒன்றே. வலிமைச் சோதனைக்குச் சைகை போதும். குதிகாலால் நட, நுனிக்காலால் நட என்று செய்து காட்டலாம். சுத்தியலுக்கோ எந்த மொழியும் வேண்டியதில்லை. ஆனால் இரு தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்து, சிறுநீர் இறங்காமற்போனால், அதைத் தாமே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தால் மறைப்பவர் பலர். அது தண்டுவடத்தின் அடிக்கொத்து வேர்கள் நசுங்குவதன் அடையாளம். அன்றே அறுவை செய்தாக வேண்டியதாயிருக்கலாம்.

இந்தியாவில் காட்டு வகைப் போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹௌராவில் காணப்பட்ட சிறுமி. 2014 மார்ச்சில் தென்கிழக்காசிய வட்டாரமே போலியோவற்றது என்று அறிவிக்கப்பட்டது. போர்ட் பிளேயருக்கு 2015இல் மருத்துவக் கல்லூரி வந்தது. 2024இல் ஊரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிற்று. எனினும் 15 வயதுக்குட்பட்ட குழந்தை எதற்கேனும் திடீரெனக் கையோ காலோ தளர்ந்தால், அதை உடனே அறிவித்து, 14 நாட்களுக்குள் இரு முறை மலம் எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும் என்ற விதி நீடிக்கிறது. கடல் கடந்த தீவுகளுக்கும் விதி அதுவே. அறுபது நாட்கள் கழித்து மறுபடி சென்று, அதே காலைத் தூக்கச் சொல்லி, அதே முழங்காலைத் தட்டிப் பார்க்கிறார்கள்.