ஒரு குட்டி அம்பும் ஒரு டிக் மார்க்கும்

டெஸ்க்டாப் ஷார்ட்கட்டோட இடது மூலையில ஒரு குட்டி அம்புக்குறி இருக்குமே, இன்னைக்கு அதோட கதை.

1995 ஆகஸ்ட் 24-ல விண்டோஸ் 95 வெளியானது. இன்னைக்கு நாம பார்க்கிற ஷார்ட்கட் அதோடுதான் வந்தது. அந்த அம்பு அலங்காரம் இல்லை. "நான் அசல் இல்லை, அசலுக்கு வழிகாட்டி. என்னை அழிச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்கிற அடையாளம்.

பலருக்கு அது கண்ணை உறுத்தியது. ஆனா எடுக்க செட்டிங்ஸ்ல வழி கிடையாது. ரெஜிஸ்ட்ரிக்குள்ள 'இஸ்ஷார்ட்கட்'னு ஒரு பதிவு ஒளிஞ்சிருக்கும். அதுக்குள்ள மதிப்பு எதுவும் இருக்காது. அது இருந்தா அம்பு வரும், அழிச்சா போயிடும். மைக்ரோசாஃப்ட் புரோகிராமர்களே 'ட்வீக் யூஐ'ன்னு ஒரு சின்ன டூல் செஞ்சு இலவசமா கொடுத்தாங்க. கம்பெனியோ அதுக்கு அதிகாரப்பூர்வ சப்போர்ட் தரலை.

பள்ளி நாட்களில், பீர்க்கன்கரணை வீட்டு எக்ஸ்பி கம்ப்யூட்டர்ல நானும் அம்பை எடுத்தேன். டெஸ்க்டாப் பளிச்னு ஆச்சு. ஒரு வாரம் கழிச்சு, ஷார்ட்கட்னு நினைச்சு அக்காவோட காலேஜ் ப்ராஜெக்ட் ஃபோல்டரை ஷிஃப்ட் டெலீட் அடிச்சேன். அசல் அதுதான். அக்கா ரெண்டு நாள் என்கிட்ட பேசலை.

அதே கம்ப்யூட்டர்ல இன்னொண்ணு. 'பாட்டு'ன்னு பேர் வெச்ச ஃபோல்டர் ஒண்ணு பென் டிரைவ்ல வந்தது. திரையில ஆறு கட்டம்தான் தெரிஞ்சது. எழுத்து மூணு, கட்டம் ஏன் ஆறு? யூனிகோடுல பகரமும் துணைக்காலும் தனித்தனி. டகரமும் புள்ளியும், டகரமும் உகரக்குறியும் அப்படித்தான்.

விண்டோஸ் 2000-லேயே தமிழுக்கு ஆதரவு வந்தாச்சு. 2001-ல வந்த எக்ஸ்பியிலயும் இருந்தது, ஆனா தூங்கிட்டு இருந்தது. கன்ட்ரோல் பேனல்ல மொழிப் பகுதிக்குப் போய், 'சிக்கலான எழுத்துகள், வலமிருந்து இடம் எழுதும் மொழிகள்'னு ஒரு கட்டத்துல டிக் போடணும். அந்த வரியில தாய்லாந்து மொழியோட பேர் இருக்கும், தமிழோட பேர் இருக்காது. டிக் போட்டா எக்ஸ்பி சிடியைக் கேட்கும். எங்ககிட்ட சிடி ஏது? பக்கத்துத் தெரு அண்ணன்கிட்ட இரவல் வாங்கிப் போட்டோம். ரீஸ்டார்ட் ஆனதும் 'பாட்டு' வந்தது. அக்காதான் முதல்ல வாசிச்சா.

2007-ல மக்கள் கைக்கு வந்த விஸ்டாவுல அந்த டிக் தேவையே இல்லை.

இப்ப நானே சாஃப்ட்வேர் எழுதுறேன். அம்பை ஒளிச்சு வைக்கிறது ரசனை. ஒருத்தரோட மொழியை ஒளிச்சு வெச்சா, தேடத் தெரியாதவங்களுக்கு அது இல்லவே இல்லை. எது முதல்லயே இருக்கணும், எது தேடினா கிடைக்கணும்னு முடிவு பண்றப்போ எனக்கு அந்த ஆறு கட்டம்தான் ஞாபகம் வரும்.