கட்டம் கட்டமாய்த் தெரிந்த தமிழ்



எண்பதுகளில் அகதிகளாக நோர்வேக்கு வந்த எமது குடும்பங்கள் பலவற்றுக்குத் தொண்ணூறுகளின் பிற்பகுதியிலேதான் வீட்டுக் கணனி வந்து சேர்ந்தது. ஊர்ச் செய்தி வாசிக்கலாம், உறவினருக்குக் கடிதம் எழுதலாம் என்ற ஆசையோடு வாங்கிய பெட்டி அது. ஆனால் தமிழைக் காட்டச் சொன்னால் ஒரு நேரம் ஆங்கில எழுத்துக் குவியலைக் காட்டும், இன்னொரு நேரம் வெறும் கட்டங்களைக் காட்டும். "எனக்கு உதுகள் விளங்காது" என்று பெரியவர்கள் பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். பிழை அவர்களிடமா இருந்தது? வரலாற்றைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றைய எழுத்துரு ஒன்றில் இருந்தவை 256 இடங்கள் மட்டுமே. அவற்றில் ஆங்கிலமும் பிற ஐரோப்பிய எழுத்துகளும் ஏற்கெனவே குடியிருந்தன. ஆகவே எழுத்துரு செய்தவர்கள் அதே இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தார்கள். எம்மவரிடையே பெரிதும் பரவிய பாமினி இவ்வகையைச் சேர்ந்தது. அதன் விசை வரிசை, யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா போன்ற முன்னோடிகள் வளர்த்த பழைய தட்டச்சுப்பொறி மரபில் வந்தது. ஊரில் தட்டச்சுப் பழகியவருக்கு அது கைக்கு இலகுவாக இருந்தது.

ஆனால் கணனிக்கு அது தமிழ் என்று தெரியாது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையுமே அது சேமித்து வைத்தது. கடிதம் பெறுபவரிடம் பாமினி இல்லாவிட்டால் திரையில் தெரிவதும் அதுவே.

தொண்ணூறுகளின் இறுதியில் வந்த திஸ்கி முறை ஆங்கிலத்தைக் கீழ்ப்பாதியில் அப்படியே விட்டு, தமிழை மேற்பாதியில் வைத்தது. நோர்வேஜிய அரிச்சுவடியின் கடைசி மூன்று எழுத்துகளும் அந்த மேற்பாதியிலேதான் இருக்கின்றன. ஆகவே கலியாண அழைப்பிதழில் ஒஸ்லோ மண்டபத்தின் முகவரியைச் சேர்க்க வேண்டுமானால், அந்த ஒரு வரிக்காக எழுத்துருவை மாற்றி, பின்னர் திரும்ப மாற்ற வேண்டும். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையடுத்து தாம், தாப் என்று மேலும் இரண்டு முறைகள் வந்தன. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துரு என்ற நிலை.

தமிழுக்கெனத் தனி இடம் கொடுத்த யூனிக்கோட், 1991 இல் வெளியான முதற் பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தது. ஆயினும் விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோசில் அதற்கு ஆதரவில்லை. 2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலும் அது தானாக வேலை செய்யவில்லை. கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போய், மொழிப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் சரி அடையாளம் இட்டு, விண்டோஸ் இறுவட்டைப் போட்டு, கணனியை மீண்டும் இயக்க வேண்டும். அதுவரை கட்டங்கள்தான்.

இங்கேதான் எமது வீடுகளின் கதை வருகிறது. அந்தப் பக்கங்கள் நோர்வேஜிய மொழியில் இருந்தன. பிள்ளைக்கு அவை விளங்கும். ஆனால் இறுதியில் திரையில் வந்த தமிழ் சரியா, கொம்பு இடம் மாறி நிற்கிறதா என்று சொல்ல அம்மாவோ அப்பாவோ தேவை. ஒருவர் மட்டும் இருந்து முடிக்கக்கூடிய வேலையாக அது இருக்கவில்லை.

வெளியிலும் அப்படியே. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கினார். சுவிற்சர்லாந்தின் லொசானில் இரசாயன ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தையும் தொடக்கினார். ஜேர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணன், பாமினியை யூனிக்கோடாக்கும் பொங்குதமிழ்ச் செயலியைத் தந்தார். உதவி கேட்பது எமக்கு மட்டுமான தேவையும் அல்ல. நோர்வே முதியவர்களுக்குக் கணனி பழக்கவென்றே 1997 இல் சீனியர்நெட் அமைப்பு இங்கே தொடங்கப்பட்டது.

இன்று கைத்தொலைபேசியில் கூடத் தமிழ் தானாகவே தெரிகிறது. இந்தக் கதை முடிந்துவிட்டதா? இல்லை. அந்த ஆண்டுகளில் தட்டச்சு செய்த கடிதங்கள், விழா மலர்கள், அந்தியேட்டிக் கல்வெட்டுகள் பல இன்னும் பழைய இறுவட்டுகளிலும் கணனிகளிலும் பாமினியாகவே கிடக்கின்றன. திறந்து பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அது அர்த்தமற்ற ஆங்கிலமாகத் தெரியும். குப்பை என்று அழித்தும் விடலாம். அதில் இருப்பது ஓர் ஊரின் பரம்பரை விபரமாக இருக்கக்கூடும்.

ஆகவே நேயர்களே, முதலில் மூலக்கோப்பைப் புதிய இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு பிரதியை யூனிக்கோடுக்கு மாற்றுங்கள். இடையிலுள்ள நோர்வேஜிய முகவரிகளை முன்னரே பிரித்து வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் பொருளற்ற தமிழாகிவிடும். கடைசியில் பெயர்களையும் திகதிகளையும் வரிக்கு வரி வாசித்துப் பாருங்கள். மாற்றுவதற்குப் பிள்ளையைக் கூப்பிடத் தயங்க வேண்டாம். ஆனால் அவரிடம் விட்டுவிட்டு எழுந்து போகாமல், பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருங்கள். அந்தப் பெயர்கள் யாருடையவை என்று சொல்ல உங்களால்தான் முடியும்.