சிம்சன் பாலைவனத்தில் வண்டிப் பயணமும் இரவுத் தங்கலும்

சிம்சன் பாலைவனம் ஆஸ்திரேலியாவின் நடுவே, தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வட ஆட்புலம் ஆகிய மூன்றின் எல்லைகளும் கூடும் இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 1,76,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்திருக்கிறது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, ஒன்றுக்கொன்று இணையாக, 1,100க்கும் மேற்பட்ட செம்மணல் மேடுகள் ஓடுகின்றன. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியில் மேற்கிலிருந்து கிழக்காக இதைக் கடப்பவர்கள் வழியில் மூன்று, நான்கு இரவுகள் மணலிலேயே தங்குகிறார்கள்.

இந்த நிலம் வங்கங்குர்ரு மக்களுடையது. மேடுகளுக்கு இடையே 'மிகிரி' எனப்படும் ஆழமான ஊற்றுக் கிணறுகளைத் தோண்டி, அவற்றை நம்பி அவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். பாலைவனத்தை முழுவதும் கடந்த முதல் ஐரோப்பிய வம்சாவளியினர் எனப் பதிவாகியிருப்பவர் டெட் கோல்சன். 1936இல் ஒட்டகங்களோடு அவர் போனபோது உடன் சென்றவர் பீட்டர் எய்ன்ஸ் என்ற பழங்குடி மனிதர். மோட்டார் வண்டியில் முதலில் கடந்தவர் நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக். 1962இல் மனைவி மக்களோடு போனார். 1960களில் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனம் புல்டோசரால் போட்ட 'பிரெஞ்ச் லைன்' தடம்தான் இன்றும் பலர் எடுக்கும் வழி. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி 2021இல் முங்கா-திர்ரி சிம்சன் பாலைவனத் தேசியப் பூங்கா ஆனது.

கோடையில் வெயில் 45 பாகையைத் தாண்டும் என்பதால் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்கா மூடப்படும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பகல் இதமாக இருக்கும். இரவில் உறைபனி விழும். உள்ளே நுழையவும் தங்கவும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வண்டியின் முன்பக்கமும், தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், பளிச்சென்ற நிறத்தில் கொடி பறக்க வேண்டும். மேட்டின் உச்சிக்கு ஏறும் ஓட்டுநருக்கு எதிரே வானம் மட்டுமே தெரியும். மறுபுறம் ஏறி வரும் வண்டியின் கொடிதான் முதலில் கண்ணில் படும். இங்கே வானொலி உரையாடலுக்கான பொது அலைவரிசை யுஎச்எஃப் 10.

மேற்கே மவுண்ட் டேரை விட்டால் கிழக்கே பேர்ட்ஸ்வில்லில்தான் எரிபொருள் கிடைக்கும். தடத்தைப் பொறுத்து இடைத்தொலைவு சுமார் 550 கிலோமீட்டர். பயணத் திட்டத்தில் மிகுந்த கவனம் கேட்பது இந்தக் கணக்குதான். தார்ச்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி மணலில் 20 லிட்டர் குடிக்கலாம். அப்படியானால் வழிக்கு மட்டும் 110 லிட்டர். திரும்பி வரவோ சுற்றிப் போகவோ நேர்ந்தால் உதவ இன்னும் 30. தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 7 லிட்டராவது வேண்டும். இருவருக்கு, நான்கு நாள் பயணத்தோடு மூன்று நாள் கையிருப்பும் சேர்த்தால் ஏறத்தாழ 100 லிட்டர். டீசலும் தண்ணீரும் மட்டுமே 220 கிலோவை நெருங்கிவிடும். எடை கூடினால் வண்டி புதையும். புதைந்தால் டீசல் செலவு ஏறும். அதற்கென்று மேலும் டீசல் ஏற்றினால் எடை இன்னும் கூடும். ஆகவே சாமான் பட்டியலில் எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை நீக்குவது என்று பார்ப்பதே திட்டமிடலின் சாரம். கூரை மேல் பாரம் ஏற்றுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். பின்னால் இழுவண்டி பூட்டிச் செல்வதும் கூடாது: அது வண்டியைத் திணறடிப்பதோடு, பின்னால் வருகிறவர்களின் தடத்தையும் குழிகுழியாகக் கெடுத்துவிடும்.

மேடுகளின் கிழக்குச் சரிவு செங்குத்தானது, மேற்குச் சரிவு தணிந்தது. மேற்கிலிருந்து புறப்படுவது எளிது என்பதற்கு இதுவே காரணம். மணலில் இறங்கும் முன் டயர்க் காற்றை 35 பி.எஸ்.ஐ.யிலிருந்து 16 அல்லது 18க்குக் குறைப்பார்கள். அப்போது டயர் தரையில் நீளவாக்கில் படிந்து, பாரத்தைப் பரப்பிவிடும். இதைச் செய்யாமல் எஞ்சினை உறுமவிட்டு ஏறுவது தடத்துக்கும் வண்டிக்கும் கேடு. மிகவும் குறைத்தால் திருப்பங்களில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும்போது இழுவண்டி மாட்டும் குமிழில் கட்டவே கூடாது. அது பிய்ந்து குண்டுபோலப் பாய்ந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது.

வண்டி நிற்கும்போதெல்லாம் குனிந்து அடிப்பகுதியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். தடத்தின் நடுவே வளரும் ஸ்பினிஃபெக்ஸ் புல்லின் காய்ந்த தாளும் விதையும் புகைக்குழாயின் மேல் கொத்தாகச் சேர்ந்து, சூட்டில் கருகி, தீப்பற்றும். பெட்ரோல் வண்டிகளில் இந்த ஆபத்து அதிகம். புல்லை இழுத்தெடுக்க ஒரு வளைந்த கம்பியும் கைக்கெட்டும் தீயணைப்பானும் போதும். ஆனால் அவை இல்லாமல் போனால் சில நிமிடங்களில் வண்டியே சாம்பலாகிவிடும்.

பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதே தங்குமிடம் பார்த்துவிடுவது நல்லது. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் தடத்திலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே கூடாரம் போட வேண்டும். மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில், கிஜி மரங்களின் ஓரம் காற்று அடங்கியிருக்கும். களிமண் படுகையில் மட்டும் தங்கக் கூடாது: ஒரு மழை பெய்தாலும் சேறாகி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பூங்காவில் விறகு பொறுக்கத் தடை உண்டு. கேஸ் அடுப்பே சரி. குப்பை முழுவதையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

கைப்பேசி இங்கே வேலை செய்யாது. செயற்கைக்கோள் தொலைபேசியும், 406 மெகாஹெர்ட்சில் இருப்பிடம் காட்டும் அவசரக் குறிகாட்டியும் அவசியம். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்கக் கூடாது என்பது இந்தப் பகுதியின் முதல் விதி. 1963 டிசம்பரில் அருகிலுள்ள பேர்ட்ஸ்வில் தடத்தில் எரிபொருள் தீர்ந்துபோன ஒரு குடும்பத்தார் ஐவர் காரை விட்டு நடந்து போய் இறந்தார்கள். வண்டி நிழல் தரும்; வானிலிருந்து தேடுவோருக்கு ஆளைவிட வண்டி எளிதில் தென்படும்.

கிழக்கு எல்லையில் 40 மீட்டர் உயரமுள்ள 'பிக் ரெட்' மேட்டை ஏறி இறங்கினால் பேர்ட்ஸ்வில் 35 கிலோமீட்டர். கெட்டித் தரை வந்ததும் டயரில் காற்றை மறுபடி ஏற்ற வேண்டும். புறப்படும் முன் வந்து சேர வேண்டிய நாளை யாரிடம் சொன்னோமோ அவரிடம், வந்து சேர்ந்ததை அன்றே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வீண் தேடுதல் தொடங்கிவிடும்.